யார் செய்த பாவம்? – ஆட்டிசம் ஆராய்ச்சியும் நமது காணிக்கையும்

வேதபாடம்: யோவான் 9-ஆம் அதிகாரம்
துணைப்பாடம்: தானியேல் 1:8–16

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஜெபப் பங்காளர்களே, காணிக்கையாளர்களே,



நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு சிறு பங்கு ஆட்டிசம் பற்றிய ஆராய்ச்சிக்கும் போக வேண்டும் என்று நாங்கள் கேட்டிருந்தோம். அதைக் குறித்து நம்மோடு நெடுங்காலமாகத் துணை நிற்கும் ஒரு சகோதரர் மனம் திறந்து கேட்டார்: "ஐயா, கட்டில் வாங்கிக் கொடுத்தால் கட்டில் கண்ணுக்குத் தெரிகிறது. பிரசவ வார்டுக்குக் கொடுத்தால் பிள்ளை அழும் சத்தம் காதில் கேட்கிறது. ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் நாங்கள் எதைக் காண்போம்?" இது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது. ஆகவே இம்மாத வேதபாடத்தை அந்தக் கேள்வியோடேயே தியானிப்போம்.

முதலில் ஒரு பாவ அறிக்கை.

பெரம்பலூர் தனி மாவட்டமான 1995-ஆம் ஆண்டை ஒட்டிய நாட்கள் அவை. நாங்கள் மருத்துவமனை ஊழியத்துக்கு வந்த புதிது. மக்காச்சோளக் காட்டில் கூலி வேலை செய்யும் ஒரு தாய், நான்கு வயது மகனைக் கூட்டிக்கொண்டு வெளிநோயாளர் பகுதிக்கு வந்தாள். பையனுக்குப் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வராந்தாவில் உட்கார்ந்து கூழாங்கற்களை வரிசையாக அடுக்குவதும், யாராவது ஒரு கல்லைத் தொட்டால் அலறுவதுமாக இருந்தான். கூட வந்த மாமியார், "இவ வயித்துல பொறந்ததால இப்படி" என்று எல்லாரும் கேட்கச் சொன்னாள். அந்தத் தாய் எங்களைப் பார்த்து, "ஐயா, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள்.

வேதாகமக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற நாங்கள் அன்று சொன்ன பதில் இது: "உன்னை நீயே ஆராய்ந்து பாரம்மா. அறிக்கையிடாதது ஏதாவது இருந்தால் ஆண்டவரிடத்தில் சொல்லு."

அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

1. தவறாகக் கேட்கப்பட்ட கேள்வி

யோவான் ஒன்பதாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் சீஷர்களும் எங்களைப் போலத்தான் பேசுகிறார்கள். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைக் காண்கிறார்கள். அவனுக்குப் பசிக்கிறதா, அவன் எங்கே படுக்கிறான் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. இது யாருடைய பாவம், இவனுடையதா, இவனைப் பெற்றவர்களுடையதா என்று கேட்கிறார்கள். ஆண்டவர் அந்த இரண்டையும் மறுத்துவிடுகிறார். தேவனுடைய கிரியைகள் அவனிடத்தில் வெளிப்பட வேண்டும் என்று சொல்லி, உடனே வேலையில் இறங்குகிறார். குற்றவாளியைத் தேடும் கேள்வியை அவர் விட்டுவிட்டு, செய்ய வேண்டிய காரியத்தைக் காட்டுகிறார்.

அதே அதிகாரத்தின் நடுவில் நாம் எளிதாகக் கடந்துபோகும் ஒரு காட்சி உண்டு. அந்த மனிதனுடைய பெற்றோரை அதிகாரிகள் அழைத்து விசாரிக்கிறார்கள். பெற்றோர் பயந்து, மகனையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று விலகிக்கொள்கிறார்கள். சரீரத்தில் குறை மகனுக்கு. விசாரணைக் கூண்டில் நிற்பது தாய் தகப்பன். நம்முடைய கிராமங்களில் இந்தக் காட்சி இன்றும் முடியவில்லை.

2. பழியை நீக்கியது எது?

ஆட்டிசம் என்பதை அரசு ஆவணங்களில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். மூளையின் வளர்ச்சியில் பிறப்புக்கு முன்பே தொடங்கும் ஒரு வேறுபாடு இது. பிறரோடு உறவாடுவதும், கருத்தைப் பரிமாறிக்கொள்வதும் இவர்களுக்குக் கடினம். சில செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். சத்தம், வெளிச்சம், தொடுதல் ஆகியவை சிலருக்குத் தாங்க முடியாதவையாக இருக்கும். சிலர் நன்றாகப் பேசுவார்கள், படிப்பார்கள். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் துணை தேவைப்படும்.

1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு பிள்ளைகளைக் கவனித்து இதை முதன்முதலாக விரிவாக எழுதினார். அதைப் பின்தொடர்ந்து ஒரு கொடிய கருத்தும் பரவியது. தாயின் அன்பு குளிர்ந்துபோனதால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்றார்கள். 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் எழுதிய நூல் அந்தக் கருத்தை உலகமெங்கும் கொண்டுபோனது. பெரம்பலூர் மாமியார் சொன்னதை அங்கே படித்தவர்கள் ஆங்கிலத்தில் சொன்னார்கள், வேறுபாடு அவ்வளவே.

அந்தப் பழியை நீக்கியது ஆராய்ச்சி. பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் தாமே ஆட்டிசம் உள்ள ஒரு மகனுக்குத் தகப்பன். கிடைத்த ஆதாரங்களையெல்லாம் திரட்டி, இது உடல் சார்ந்தது, வளர்ப்பு சார்ந்ததல்ல என்று 1964-ல் ஒரு நூல் எழுதினார். 1969-ல் கானரே பெற்றோர் கூட்டம் ஒன்றில் நின்று, பெற்றோராகிய அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். 1977-ல் லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் 21 ஜோடி இரட்டையர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவிலிருந்து வந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. எல்லாரும் ஒரே தாயிடம் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தான். வளர்ப்பே காரணமானால் இந்த வித்தியாசம் வந்திருக்காது. பிறவியிலேயே அமைந்த காரணங்கள் பெரும்பங்கு வகிக்கின்றன என்பது அன்று முதல் உறுதிப்பட்டு வருகிறது.

21 ஜோடிகள் என்பது பெரிய எண்ணிக்கையல்ல. ஆனால் அந்தச் சிறு ஆய்வு உலகமெங்குமுள்ள தாய்மாரின் தலையிலிருந்து எவ்வளவு பாரத்தை இறக்கிவைத்தது! சகோதரர் கேட்ட கேள்விக்கு முதல் பதில் இதுதான்: ஆராய்ச்சிக்குக் கொடுத்தால், குனிந்த தலை நிமிர்வதைக் காண்போம்.

3. அறிந்ததை மட்டும் சொல்லுதல்

யோவான் ஒன்பதில் பார்வை பெற்ற மனிதனிடம், உன்னைக் குணமாக்கியவர் பாவிதானே என்று அதிகாரிகள் வற்புறுத்துகிறார்கள். அவன், அது எனக்குத் தெரியாது என்கிறான். தெரிந்தது ஒன்றே ஒன்று, முன்பு பார்வையில்லை, இப்போது பார்க்கிறேன் என்கிறான். தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்லும் இந்த நேர்மைதான் நல்ல ஆராய்ச்சியின் அடையாளம்.

தானியேலின் புத்தகத்தில் முறையான சோதனை ஒன்றே இருக்கிறது. பருப்பும் தண்ணீரும் போதும் என்று தானியேல் சொன்னபோது, என்னை நம்பு என்று அவன் விசாரிப்புக்காரனைக் கட்டாயப்படுத்தவில்லை. பத்து நாள் தவணை கேட்டான். ராஜ போஜனம் உண்ணும் மற்ற வாலிபரோடு தங்களை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யச் சொன்னான். தவணை, ஒப்பீடு, கண்ணால் கண்ட முடிவு ஆகிய மூன்றும் அதில் உண்டு.

இந்த நேர்மை இல்லாவிட்டால் என்ன நடக்கும்? 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற ஆங்கில மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் பன்னிரண்டு பிள்ளைகளை மட்டும் வைத்து எழுதிய கட்டுரை லான்செட் மருத்துவ இதழில் வந்தது. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற அச்சம் அதிலிருந்து கிளம்பியது. கட்டுரையில் பொய்யும் முறைகேடும் இருந்தது பிறகு வெளிவந்தது. 2010-ல் இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவப் பதிவும் அதே ஆண்டு நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019-ல் வெளியான ஆய்வு, அந்தத் தடுப்பூசியால் ஆட்டிசம் கூடவில்லை என்று காட்டியது.

ஆனாலும் பொய்க்குக் கால்கள் நீளம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வதந்திகள் பரவி, பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே தயங்கினார்கள். இதில் துக்கமான முரண்பாடு ஒன்று உண்டு. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றிலுள்ள பிள்ளையின் கண், காது, இருதயம் பாதிக்கப்படலாம். அவ்வாறு பாதிக்கப்பட்ட 243 பிள்ளைகளைக் கவனித்த ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவர், அவர்களுக்குள் ஆட்டிசம் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்ததை 1971-ல் எழுதினார். அதாவது, ஆட்டிசத்துக்குப் பயந்து ஒதுக்கிய ஊசிதான் ஆட்டிசத்தின் ஒரு காரணத்தைத் தடுக்கிறது.

இன்னொரு கண்ணியும் விரிக்கப்பட்டிருக்கிறது. ஸ்டெம் செல் ஏற்றினால் ஆட்டிசம் குணமாகும் என்று சொல்லிப் பெருந்தொகை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நிலத்தை அடமானம் வைத்தாவது கட்டலாமா என்று எங்களிடம் வந்து கேட்ட தகப்பன்மார் உண்டு. ஆட்டிசத்துக்கு இச்சிகிச்சை பரிந்துரைக்கப்படவில்லை என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-ல் தெளிவாக்கியிருக்கிறது. நல்ல ஆராய்ச்சி நடக்காத இடத்தில் இருள் சும்மா இருப்பதில்லை. வியாபாரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

4. பகற்காலத்தில் செய்ய வேண்டிய வேலை

பகற்காலம் இருக்கும்போதே வேலை செய்ய வேண்டும் என்று ஆண்டவர் அந்த அதிகாரத்தில் நினைப்பூட்டுகிறார். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு முதல் ஐந்தாறு வயது மிக அருமையான பகற்காலம். ஒரு வயதாகியும் பெயர் சொன்னால் திரும்பாதது, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டி எதையும் காட்டாதது, வந்த பேச்சு நின்றுபோவது ஆகியவற்றைக் கண்டால் உடனே காட்ட வேண்டும். "அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று நாம் காத்திருப்பதில்தான் அந்தப் பகல் கழிந்துவிடுகிறது.

ஆனால் பெரிய நகரங்களில் இருக்கும் வல்லுநர் குன்னத்துக்கும் வேப்பந்தட்டைக்கும் செந்துறைக்கும் ஆண்டிமடத்துக்கும் எப்படி வருவார்? இங்கேதான் ஆராய்ச்சி ஒரு கதவைத் திறந்தது. இங்கிலாந்தில் பெற்றோரைக் கொண்டே பிள்ளையின் தொடர்பாடலை வளர்க்கும் ஒரு பயிற்சிமுறையை உருவாக்கி, 152 பிள்ளைகளிடம் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். அதை நம் நாட்டுக்கு ஏற்றபடி மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். முடிவு 2016-ல் லான்செட் மனநல இதழில் வெளியானது. பயிற்சியைக் கொண்டுபோனவர்கள் மருத்துவர்கள் அல்லர்; பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். பிள்ளை விளையாடும்போது பெற்றோர் எப்படிக் கவனிக்க வேண்டும், அவன் கவனம் போகும் இடத்தில் எப்படிச் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளைக்கு இசைந்து பேசுவது கூடியது. பிள்ளைகள் தாமாகவே தொடர்புகொள்ள முன்வருவதும் கூடியது. எல்லா அளவீடுகளிலும் நினைத்த பலன் வரவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். இதற்கு முக்கியமாகப் பணம் கொடுத்தது ஒரு தனியார் தர்ம அமைப்பு. உங்களைப் போலக் கொடுப்பவர்களால் நடப்பது.

நம் தமிழகத்திலும் முன்மாதிரி உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பமும் தங்கிக் கவனிக்கும் முறை 1950-களிலேயே வேரூன்றியது. அங்கே அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் 57 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வெறும் விரிவுரை. மற்றொரு குழுவுக்குப் பத்து வாரம் கலந்துபேசும் பயிற்சி. இரண்டாம் குழுவின் பெற்றோரிடத்தில் பிள்ளையைப் பற்றிய மனப்பான்மை கூடுதலாக மாறியதை 1999-ல் வெளியிட்டார்கள். ஒரு மிஷன் மருத்துவமனை, நம் ஊர்ப் பெற்றோர், நம் மொழி. அங்கேயும் ஒரு தானியேல் சோதனை நடந்திருக்கிறது.

5. நமது பங்கு

2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேரும், அரியலூர் மாவட்டத்தில் 7,54,894 பேரும் இருந்தார்கள். உலக அளவில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக 2021-க்கான மதிப்பீடு சொல்லுகிறது. அதை இங்கே பொருத்தினால் இரு மாவட்டத்திலும் சேர்ந்து பத்தாயிரம் பேர் வரை இருக்கலாம். இது மனக்கணக்கு மட்டுமே. தெருத்தெருவாகப் போய் எண்ணிய கணக்கல்ல. இந்தியாவில் ஐந்து இடங்களில் 3,964 பிள்ளைகளைச் சோதித்து 2018-ல் வெளியான பெரிய ஆய்வில் ஹரியானா, இமாச்சலம், ஒடிசா, கோவா, ஹைதராபாத் ஆகியவை இருந்தன. தமிழ்நாட்டு ஊர் ஒன்றும் இல்லை.

நம் பக்கத்துச் சாத்தனூர்க் கல்மரத்தை நீங்கள் அறிவீர்கள். எத்தனையோ தலைமுறை அதன் அருகே நடந்து போயிருக்கும். 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் ஆராய்ந்து சொன்ன பிறகுதான் அது என்ன என்று உலகம் அறிந்தது. நம் தெருக்களில் கல் அடுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளையும் நாம் அப்படியே கடந்து போய்க்கொண்டிருக்கிறோம்.

இது அரசாங்கத்தின் வேலையல்லவா என்பார் சிலர். அரசும் செய்கிறது. 2013-ல் தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டுள்ளது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2022-ல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. அதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் நம் முன்னோர் அரசு வரும்வரை காத்திருக்கவில்லை. 1955-ல் வேலூருக்கு அருகே கரிகிரியில் மிஷன் காணிக்கைகளால் எழுந்த தொழுநோய் நிலையத்தின் பெயரிலேயே 'ஆராய்ச்சி' என்ற சொல் இருந்தது. தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் காயப்பட்டுத்தான் அழிகின்றன என்பதை டாக்டர் பால் பிராண்டும் அவருடைய தோழரும் வேலூரில் பொறுமையாய்க் கவனித்து நிலைநாட்டினார்கள். மடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் விரித்தார்கள். அன்று காணிக்கை கொடுத்தவர்களும் எதைக் காண்போம் என்று கேட்டிருப்பார்கள். இன்று நாம் காண்கிறோம்.

ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாயும் பெரிய இயந்திரமும் மட்டுமல்ல. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் தாய்க்குப் பேருந்துக் கட்டணமும் மதிய உணவும், வீடுவீடாகப் போகும் பணியாளருக்குச் சம்பளம், கேள்வித்தாளை நம் வட்டாரத் தமிழில் அமைத்துச் சரிபார்க்கும் உழைப்பு ஆகிய இவையும் ஆராய்ச்சிதான். காணிக்கை இவற்றுக்குத்தான் பெரிதும் தேவைப்படுகிறது.

கொடுப்பவர்கள் ஞானமாயும் கொடுக்க வேண்டும். ஆராய்ச்சி என்று யார் வந்து கேட்டாலும் நான்கு காரியங்களை விசாரியுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா? சிகிச்சையைச் சோதிப்பதானால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா? பெற்றோருக்கு அவர்கள் மொழியில் விளக்கி, மனப்பூர்வமான சம்மதம் பெறுகிறார்களா? முடிவு சாதகமாக வராவிட்டாலும் வெளியிடுவார்களா? பங்குபெறும் பெற்றோரிடமே பெருந்தொகை கேட்டால் அது ஆராய்ச்சியல்ல, வியாபாரம் என்று அறிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடாதிருப்போம். இந்தப் பிள்ளைகள் பழுதுபார்க்க வேண்டிய பாத்திரங்கள் அல்லர். தேவனுடைய கிரியை இவர்களிடத்தில் வெளிப்படும் என்ற வசனத்தின் கருத்து இவர்களுக்கும் உரியது. பேசத் தெரிந்த ஆட்டிசம் உள்ள பெரியவர்கள், எங்களை மாற்றுவதற்கு மட்டுமல்ல, எங்களைப் புரிந்துகொள்வதற்கும் ஆராயுங்கள் என்று கேட்கிறார்கள். அதற்கும் செவிகொடுப்போம்.

சமீபத்தில் அரியலூர்ப் பக்கம் முந்திரிக்காட்டு ஊர் ஒன்றிலிருந்து இன்னொரு தாய் வந்தாள். மடியில் மூன்று வயது மகள். அதே கேள்வி: "ஐயா, என்னாலதானா?" இந்த முறை நாங்கள் தயங்கவில்லை. "இல்லையம்மா. உன்னால் இல்லை. இது நிச்சயமாய்த் தெரிந்த விஷயம்" என்றோம். அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ நான் இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

ஆண்டவர் சீஷர்களைக் கொண்டுவர விரும்பிய கேள்வி அதுதான் என்று நம்புகிறோம். "உன்னால் இல்லை" என்று சொல்லும் உறுதியை எங்களுக்குத் தந்தது, நாங்கள் பார்த்திராத யாரோ பல தேசங்களில் கொடுத்த காணிக்கையும் உழைப்பும். முதலில் வந்த தாய்க்கு அந்தப் பதிலைக் கொடுக்க எங்களால் முடியாமல் போயிற்று. அவள் எங்கேயிருந்தாலும் ஆண்டவர் அவளைத் தேற்றுவாராக, எங்களையும் மன்னிப்பாராக.

சிந்தனைக்கு

1. நம் சபையில் ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு ஆராதனைக்கு வரத் தயங்கும் குடும்பம் உண்டா? அவர்கள் தயங்குவதற்கு நாம் எவ்வகையில் காரணமாயிருக்கிறோம்?
2. ஒருவருடைய வேதனையைக் கண்டதும் நம் வாயில் முதலில் வருவது எந்தக் கேள்வி?
3. நம் காலத்தில் பலனைக் காணாவிட்டாலும் கொடுப்பதற்கு நம் விசுவாசம் இடங்கொடுக்கிறதா?

ஜெபிக்க

இரு மாவட்டங்களிலும் இன்னும் கண்டறியப்படாத பிள்ளைகளுக்காக. பழி சுமக்கும் தாய்மாருக்காக. உண்மையை உண்மையாகச் சொல்லும் ஆராய்ச்சியாளர்களுக்காக. அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் இந்த ஊழியத்தையும் நினைக்கிற ஒவ்வொரு சபைக்காகவும் ஜெபத்தில் தரித்திருங்கள்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைச் சாப்ளின்